மூவாயிரம் ஹிட், ஐந்நூறு ஹோம் ரன்: மட்டையாளரை அளக்க எதை எடுப்பது?

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து 10 ஆண்டு உறுப்பினராக இருந்தவர்களின் கைக்கு ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஒரு வாக்குச்சீட்டு வந்து சேர்கிறது. ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டு கடந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அவர்களில் பத்துப் பேர் வரை குறியிடலாம். 75 விழுக்காடு வாக்குப் பெற்றவருக்கு, நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள, பேஸ்பாலின் சிறந்தவர்களைப் போற்றும் கூடமாகிய ஹால் ஆஃப் ஃபேமில் வெண்கலப் பட்டயம் வைக்கப்படும். மட்டையாளர்களைப் பொறுத்தவரை வாக்களிப்பவர் முன் நெடுங்காலமாக இரண்டு எல்லைக்கற்கள் நிற்கின்றன. ஒன்று, ஆட்ட வாழ்நாளில் 3,000 ஹிட்; மற்றொன்று 500 ஹோம் ரன். இவற்றில் ஒன்றைக் கடந்தவரைத் தயக்கமின்றி ஏற்பதும், கடக்காதவரை மீண்டும் மீண்டும் புரட்டிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. ஒரே சீட்டில் இரண்டு வகையினரும் நிற்கும்போது எந்தக் கல்லுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டுமானால், இரண்டும் எதனால் கடினம் என்பதைத் தனித்தனியே பார்த்தாக வேண்டும். அவை கடினமாக இருப்பதற்கான காரணங்கள் ஒன்றல்ல.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். பந்தை அடித்து, எதிரணியின் பிழையால் அல்லாமல் தன் அடியாலேயே குறைந்தது முதல் பேஸையாவது (ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) அவுட் ஆகாமல் அடைந்தால் அது ஹிட். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஹோம் ரன். அதுவும் ஹிட் கணக்கில் ஒன்றாகச் சேரும். பந்து வீசுபவராகிய பிட்சர் உரிய எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசிவிட்டால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து செல்லலாம். அதற்கு வாக் என்று பெயர். வாக் முதலியவற்றைக் கழித்துவிட்டு, உண்மையில் அடித்துப் பார்த்த வாய்ப்புகளை அட்-பேட் என்று எண்ணுகிறார்கள். பேட்டிங் சராசரி என்பது ஹிட்டை அட்-பேட்டால் வகுத்து வருவது.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச நிலையாகிய மேஜர் லீகில் இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆடியிருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் மிகேல் காப்ரேரா தம் மூவாயிரமாவது ஹிட்டை அடித்தபோது, அந்த எண்ணை எட்டிய 33-ஆவது ஆட்டக்காரர் ஆனார். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 2021 ஆகஸ்டில், அவரே ஐந்நூறு ஹோம் ரன் அடித்த 28-ஆவது ஆட்டக்காரராகவும் ஆகியிருந்தார். இரண்டையும் எட்டியவர்கள் ஏழே பேர்: ஹாங்க் ஏரன், வில்லி மேஸ், எட்டி மர்ரி, ரஃபேல் பால்மேரோ, அலெக்ஸ் ரோட்ரிகஸ், ஆல்பர்ட் பூஹோல்ஸ், காப்ரேரா. 28 என்பது 33-ஐ விடச் சிறியது என்பதால் ஹோம் ரன்தான் அரிது என்று முடித்துவிடத் தோன்றும். அந்த அவசரம் தவறான முடிவில் கொண்டுபோய் விடும் என்பதைச் சற்றுப் பின்னால் காட்டுகிறேன்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான இடர். பிட்சர் நிற்கும் மேட்டின் பலகைக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும். அதற்குள் பந்தைக் கண்டு, அது நேராக வருகிறதா வளைகிறதா என்று தீர்மானித்து, 6.6 சென்டிமீட்டருக்கு மேல் பருமன் இருக்கக் கூடாத உருண்டை மட்டையால், அதைவிடச் சற்றே பெரிய உருண்டைப் பந்தைச் சந்திக்க வேண்டும். பந்தின் நடுக்கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே மட்டை பட்டால் பந்து தரையில் உருளும். கீழே பட்டால் வானுக்குச் செல்லும். பத்து அட்-பேட்டில் ஏழு முறை தோற்பவரைத்தான் இந்த ஆட்டம் சிறந்த மட்டையாளர் என்று அழைக்கிறது. 0.300 சராசரி என்பதன் பொருள் அதுவே.

இந்தத் தோல்வி விகிதத்தைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் 3,000 என்ற எண்ணின் கொடுமை தெரியும். 0.300 சராசரி உள்ளவருக்கு மூவாயிரம் ஹிட் சேர 10,000 அட்-பேட் வேண்டும். ஒரு சீசனுக்கு 600 அட்-பேட் என்று கொண்டால், அது ஏறத்தாழ பதினேழு முழு சீசன். 0.250 சராசரி உள்ளவருக்கு 12,000 அட்-பேட். அதாவது ஒரு நாளும் உடைந்துபோகாத இருபது ஆண்டுகள். பெரும்பாலோர் மேஜர் லீகுக்குள் நுழைவதே 22, 23, 24 வயதில்தான். ஆகவே சராசரி குறைந்தவருக்கு 43 வயது வரை எந்த அணியும் இடம் கொடுக்காது. சராசரி உயர்ந்தவரும் நாற்பதை ஒட்டிய வயது வரை, ஆண்டுக்கு 162 ஆட்டத்தில் பெரும்பாலானவற்றில் களமிறங்கியாக வேண்டும். ஹோம் ரன் கணக்கு இதைவிட இளகியது. பதினைந்து அட்-பேட்டுக்கு ஒன்று அடிப்பவருக்கு 7,500 அட்-பேட் போதும். அது பன்னிரண்டரை ஆண்டு. மார்க் மக்வயர் பதினோரு அட்-பேட்டுக்குள் ஒன்று என்ற வேகத்தில் அடித்தவர். பல சீசன்களைக் காயங்களில் இழந்தும் 583-இல் முடித்தார். திறமை மிகுந்தால் ஹோம் ரன் கல்லை விரைந்து அடையலாம். ஹிட் கல்லுக்கு அப்படிப்பட்ட குறுக்கு வழி இல்லை. ஓர் ஆண்டில் ஒருவர் அடித்த ஹிட்டுகளில் மிகப் பெரிய எண்ணிக்கை இச்சிரோ சுசுகி 2004-இல் அடித்த 262. ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் வைத்த 257 என்ற சாதனை 84 ஆண்டு நின்ற பிறகே அவர் அதை முறியடித்தார். அந்த வேகத்தையே ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் காப்பாற்றினாலும், மூவாயிரத்துக்குப் பன்னிரண்டு சீசன் ஆகும்.

இச்சிரோவின் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். ஜப்பானில் 1,278 ஹிட் அடித்துவிட்டு 27 வயதில் 2001-இல் சியாட்டிலுக்கு வந்தவர் அவர். வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாக 200 ஹிட்டுக்குக் குறையவில்லை. அத்தனைக்குப் பிறகும் மூவாயிரத்தைத் தொட 2016 ஆகஸ்ட் வரை, 42 வயது வரை, காத்திருக்க நேர்ந்தது. உடலைப் பேணுவதில் அவரைப் போல் கண்டிப்பானவரைக் காண்பது அரிது. மட்டையைச் சுழற்றி முடிக்கும் முன்பே முதல் பேஸை நோக்கி ஓடத் தொடங்கும் அவர் ஆட்டமுறையும் தரையில் உருளும் பந்துகளை ஹிட்டாக்கித் தந்தது. அணி வரிசையில் முதலில் நின்றதால், நான்காவதாக நிற்பவரை விட ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது வாய்ப்புகள் கூடுதலாகவும் கிடைத்தன. எல்லாம் பொருந்தி வந்த ஒருவருக்கே இவ்வளவு நேரம் பிடித்தது. 2025-இல் 394 வாக்கில் 393 பெற்று அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் சென்றதில் எனக்கு வியப்பில்லை. அந்த ஒரு வாக்குதான் இன்னும் புரியவில்லை.

இனி 3,000 என்ற அளவுகோலின் பெருங்குறையைச் சொல்ல வேண்டும். அது பொறுமையைத் தண்டிக்கிறது. கெட்ட பந்தை விட்டுவிட்டு வாக் வாங்குபவர் அணிக்கு நன்மை செய்கிறார். ஆனால் அந்த வாய்ப்பில் அவருக்கு ஹிட் கிடைப்பதில்லை. பேப் ரூத் 2,062 வாக் வாங்கினார். ஹிட் கணக்கு 2,873-இல் நின்றது. பேரி பாண்ட்ஸ் 2,558 வாக் வாங்கி எல்லோருக்கும் மேலே இருக்கிறார். அவர் ஹிட் 2,935. 2004-இல் அவருக்கு 232 வாக் கொடுத்தார்கள், அவற்றில் 120 வேண்டுமென்றே கொடுக்கப்பட்டவை. அந்த ஆண்டில் அவர் அடிக்க முடிந்தது 135 ஹிட் மட்டுமே. ரிக்கி ஹெண்டர்சன் 2,190 வாக் என்ற சுமையோடு 3,055 ஹிட்டை எட்டினார் என்றால் அதற்கு அவருக்கு 25 சீசன் தேவைப்பட்டது. மூவாயிரமாவது ஹிட் 2001 சீசனின் கடைசி நாளில் வந்தது.

டெட் வில்லியம்ஸுக்கு இந்தத் தண்டனையோடு போரும் சேர்ந்துகொண்டது. 1942-இல் 186 ஹிட் அடித்தவர் 1943, 1944, 1945 ஆகிய மூன்று சீசன்களையும் படைப்பணியில் கழித்தார்; திரும்பி வந்த 1946-இல் 176 அடித்தார். பிறகு கொரியப் போருக்காக 1952, 1953 சீசன்களின் பெரும்பகுதியும் போயிற்று. முடிவில் அவருடைய கணக்கு 2,654 ஹிட், 521 ஹோம் ரன். இரண்டாம் உலகப் போரின் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 180 என்று அடக்கமாகச் சேர்த்தாலே 3,194 ஆகிறது. 0.344 சராசரியோடு முடித்த ஒருவரை மூவாயிரத்துக்கு வெளியே நிறுத்தும் அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது. ஆனால் அதே வில்லியம்ஸ் ஐந்நூறு ஹோம் ரன்னை எட்டிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளை இழந்த பிறகும் எட்டக்கூடிய கல் அது. மற்றக் கல்லோ இழந்த ஆண்டுகளை மன்னிப்பதில்லை.

ஐந்நூறு ஹோம் ரன்னின் சிக்கல் வேறு வகையைச் சேர்ந்தது. அந்தக் கல் காலத்துக்குக் காலம் இடம் பெயர்கிறது. 1920-க்கு முன் ஒரே பந்தை அழுக்கேறி நைந்துபோகும்வரை ஆடினார்கள். அந்தப் பந்து தொலைவு போகாது. ‘ஹோம் ரன்’ என்பதையே பட்டப்பெயராகக் கொண்ட ஃபிராங்க் பேக்கர் தம் வாழ்நாளில் அடித்தவை 96. டை காப் 117. அவர்களை 500 என்ற கோலால் அளப்பதில் பொருளே இல்லை. ஆனால் காப் 1921-லேயே மூவாயிரம் ஹிட்டைக் கடந்தார், ஹானஸ் வாக்னரும் நாப் லாஜுவேயும் அவருக்கும் முன்னால் 1914-இல் கடந்திருந்தார்கள். 1920-இல் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்த துயரத்துக்குப் பிறகு வெள்ளைப் பந்துகளை அடிக்கடி மாற்றத் தொடங்கினார்கள். எச்சில் தடவி வீசுவதற்கும் தடை வந்தது. ரூத் 1929-இல் ஐந்நூறை எட்டிய முதல்வரானார். மைதானமும் கணக்கை மாற்றும். ஜோ டிமாஜியோ ஆடிய பழைய யாங்கி ஸ்டேடியத்தின் இடது-நடுப் பகுதி 457 அடி ஆழம். வலதுகை மட்டையாளரான அவர் அடித்த 361 ஹோம் ரன்னில் சொந்த மைதானத்தில் 148, வெளியூர்களில் 213. எந்த மைதானத்திலும் பேஸ்களுக்கு இடையிலுள்ள தொலைவு 90 அடிதான். ஹிட் அடிப்பவருக்கு மைதான வேறுபாடு இவ்வளவு பெரிய இழப்பை உண்டாக்குவதில்லை.

பிறகு வந்தது எல்லோரும் அறிந்த அந்தப் பதினொரு ஆண்டு. 1929 முதல் 1998 வரை எழுபது சீசன்களில் ஐந்நூறை எட்டியவர்கள் 15 பேர். 1999 முதல் 2009 வரை மட்டும் 10 பேர் எட்டினார்கள்: மக்வயர், பாண்ட்ஸ், சோசா, பால்மேரோ, கிரிஃபி, ரோட்ரிகஸ், தாமஸ், தோமி, ரமிரெஸ், ஷெஃபீல்ட். இவர்களில் கென் கிரிஃபி, ஃபிராங்க் தாமஸ், ஜிம் தோமி ஆகிய மூவர் மட்டுமே ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். எஞ்சிய எழுவர் மீதும் ஊக்கமருந்தின் நிழல் ஏதேனும் ஒரு வடிவில் விழுந்திருக்கிறது. சிலர் சோதனையில் சிக்கினார்கள், சிலர் தாமே ஒப்புக்கொண்டார்கள், சிலர் மறுத்தபடியே இருக்கிறார்கள். 762 ஹோம் ரன் அடித்த பாண்ட்ஸ் பத்து ஆண்டும் வாக்குச்சீட்டில் இருந்து 2022-இல் 66 விழுக்காட்டோடு வெளியேறினார். அவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்பது தனி விவாதம். இங்கே நான் கவனிப்பது ஒன்றுதான்: ஊக்கமருந்து ஒரு கல்லை மிக எளிதாக நகர்த்தியது, மற்றதை அவ்வளவாக நகர்த்தவில்லை. அதே பதினொரு சீசன்களில் மூவாயிரம் ஹிட்டைத் தொட்டவர்கள் ஆறு பேர்: டோனி குவின், வேட் பாக்ஸ், கால் ரிப்கன், ஹெண்டர்சன், பால்மேரோ, கிரெய்க் பிஜியோ. பால்மேரோ 2005 ஜூலையில் மூவாயிரத்தை எட்டி இரண்டு வாரம் கடந்ததும் சோதனையில் சிக்கித் தடை பெற்றார். எஞ்சிய ஐவரும் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் திறமையையும் காலத்தையும் பேசினேன். ஆனால் இரண்டு எண்களின் கடினத்துக்கும் அடியில் இருப்பது வேறொன்று: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு மேலாளர் எழுதும் அணிச்சீட்டில் ஒருவர் பெயர் இடம்பெற வேண்டும், அது இருபது ஆண்டுகளாக இடம்பெற வேண்டும். பீட் ரோஸ் 4,256 ஹிட் அடித்தவர். அதற்கு 3,562 ஆட்டம், 14,053 அட்-பேட் தேவைப்பட்டன. 1984 ஆகஸ்டில் அவர் சின்சினாட்டி அணிக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் திரும்பினார். 1985 செப்டம்பர் 11-ஆம் நாள் டை காப்பின் வாழ்நாள் ஹிட் சாதனையைத் தாண்டிய 44 வயது மட்டையாளரின் பெயரை அணிச்சீட்டில் எழுதும் அதிகாரம் அவர் கையிலேயே இருந்தது. சூதாட்டத்துக்காக 1989-இல் அவர் விலக்கப்பட்டது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது, அப்படிப்பட்ட வாய்ப்பு வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காது என்பதே.

இன்று அந்த இடத்தை நீண்ட ஒப்பந்தங்கள் நிரப்புகின்றன. பூஹோல்ஸ் செயின்ட் லூயிஸில் முதல் 11 சீசனில் 2,073 ஹிட்டும் 445 ஹோம் ரன்னும் அடித்தார், சராசரி 0.328. அடுத்த 11 சீசனில் சேர்ந்தவை 1,311 ஹிட், 258 ஹோம் ரன். அந்த இரண்டாம் பாதியின் பெரும்பகுதியில் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று அவரைக் களத்தில் வைத்திருந்தது. காப்ரேராவின் நிலை இன்னும் தெளிவானது. 2016-இல் 38 ஹோம் ரன் அடித்து மொத்தம் 446-இல் நின்றபோது அடுத்த இரண்டு ஆண்டில் ஐந்நூறு என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். 2017-இல் 16, 2018-இல் கைத்தசைநார் அறுந்து 3, 2019-இல் 12, அறுபதே ஆட்டங்களாகச் சுருங்கிய 2020-இல் 10. எஞ்சியிருந்த 54-ஐ அடிக்க ஐந்தாவது சீசன் வரை ஆயிற்று. 2012-இல் டிரிபிள் கிரவுன் (ஒரே ஆண்டில் சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் தம் லீகில் முதலிடம்) வென்ற கைகளுக்கே கடைசிப் பத்தில் ஒரு பங்கு இவ்வளவு கடினமாக இருந்தது. ஒப்பந்தம் 2023 வரை நீளாமல் இருந்திருந்தால் இந்த இரண்டு கற்களையும் அவர் எட்டியிருப்பாரா என்பது ஐயமே.

எட்டாமல் நின்றவர்களின் பட்டியலைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. லூ கெரிக் 493 ஹோம் ரன்னில் நின்றார். 2,130 ஆட்டங்கள் இடைவிடாமல் ஆடியவரை 1939-இல் நரம்பு நோய் களத்திலிருந்து எடுத்துக்கொண்டது, இரண்டு ஆண்டில் உயிரையும் எடுத்துக்கொண்டது. ஃபிரெட் மக்ரிஃப் அதே 493. அவர் 1994-இல் 113 ஆட்டத்தில் 34 ஹோம் ரன் அடித்திருந்தபோது, ஆகஸ்ட் 12-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கி சீசனே நின்றது. அட்லாண்டா அணிக்கு இன்னும் 48 ஆட்டம் மீதம் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஏழு. பிரின்ஸ் ஃபீல்டர் 29 வயதில் 285 ஹோம் ரன் அடித்திருந்தார், ஆட்டத்தைத் தவறவிடாதவர் என்று பெயர் பெற்றிருந்தார். கழுத்து அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 32 வயதில் 319-இல் விடைபெற்றார். அவருடைய தந்தை செசில் ஃபீல்டரும் அதே 319-இல்தான் முடித்திருந்தார். சாம் ரைஸ் 1934-இல் 2,987 ஹிட்டோடு விலகினார். அந்நாளில் அந்த எண்ணை இன்றுபோல் யாரும் எண்ணிக் காத்திருக்கவில்லை. ரொபர்ட்டோ கிளெமென்டே 1972 செப்டம்பர் 30-ஆம் நாள் மூவாயிரமாவது ஹிட்டை அடித்தார். நிகரகுவா நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் கொண்டுசென்ற விமானத்தில் டிசம்பர் 31-இல் இறந்தார். அவர் கணக்கு சரியாக 3,000.

இன்றைய நிலையில் இரண்டில் எது கடினம்? எனக்கு இதில் ஐயமில்லை. 1999-இல் லீகின் பொதுச் சராசரி 0.271, 2022-இல் 0.243. ஆண்டுக்கு 600 அட்-பேட் என்று கொண்டால் இந்த வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 17 ஹிட். பதினெட்டு ஆண்டில் 300. ஒரே திறமையுள்ளவர் இரண்டு காலத்தில் பிறந்தால், ஒருவர் மூவாயிரத்தைக் கடப்பார், மற்றவர் 2,700-இல் நிற்பார் என்பதுதான் இதன் பொருள். 2018-இல் வரலாற்றில் முதன்முறையாக ஹிட்டுகளைவிட ஸ்ட்ரைக் அவுட்டுகள் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி மட்டையாளர் அவுட் ஆவது) மிகுந்தன: 41,018-க்கு 41,207. பிட்சர்களின் வேகம் ஏறியிருக்கிறது. ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்தித்து அவர் கையைப் படித்துவிடும் வாய்ப்பை, ஆறாவது இன்னிங்ஸுக்குள் புதியவரை இறக்கி அணிகள் பறித்துவிட்டன. இதற்கு மட்டையாளர்கள் கண்ட மாற்றுவழி, தொடுவதை விட்டுவிட்டுத் தூக்கி அடிப்பது. 2019-இல் 6,776 ஹோம் ரன் என்ற சாதனை எண் அதன் விளைவு. 2022-இல் லீக் முழுவதிலும் ஒருவர்கூட 200 ஹிட்டை எட்டவில்லை; முதலில் நின்ற ஃபிரெடி ஃபிரீமன் 199. தடுப்பாளர்களை ஒரே பக்கம் குவிக்கக் கூடாது என்று 2023-இல் விதி வந்தது ஓரளவு உதவியது, ஆனால் எண்ணைத் திருப்பித் தரும் அளவுக்கு இல்லை. 2025 முடிவில் களத்தில் இருப்போரில் மூவாயிரத்துக்கு அருகில் நிற்பவர்கள் ஃபிரீமனும் ஹோசே அல்ட்டூவேயும். இருவரும் 35 வயதைத் தொட்டவர்கள், இருவரும் 2,500-ஐ இன்னும் எட்டாதவர்கள். ஹோம் ரன் பக்கம் ஜியான்கார்லோ ஸ்டான்டன் 453-இல் இருக்கிறார். காயம் விட்டால் இரண்டு சீசனில் எட்டிவிடலாம். மைக் டிரவுட் 400-ஐக் கடந்துவிட்டார். முதல் முழு சீசனே 25 வயதில் தொடங்கிய ஆரன் ஜட்ஜ் 368-இல் இருக்கிறார். இவ்வளவு தாமதமாகத் தொடங்கிய ஒருவர் ஐந்நூறை நியாயமாக நம்பலாம். மூவாயிரம் ஹிட்டை அவர் கனவிலும் எண்ண முடியாது.

வேறு இரண்டு அளவுகோல்களையும் சிலர் முன்வைப்பார்கள். ஒருவரின் அடியால் அணிக்கு எத்தனை ரன் வந்தது என்ற கணக்கில் ஏரன் 2,297-உடன் முதலிடத்தில் இருக்கிறார், ஆனால் அந்தக் கணக்கு முன்னால் நிற்பவர்கள் பேஸை அடைந்திருந்தார்களா என்பதைப் பொறுத்தது. தனி மனிதரை அளக்க அது உதவாது. வாழ்நாள் சராசரி 0.300 என்பது நேர்மையான கோல். அதன் இடர், ஆடிக்கொண்டே இருப்பவரை அது தண்டிப்பது. மிக்கி மேன்டில் 1967 முடிவில் 0.302-இல் இருந்தார்; இன்னும் ஓர் ஆண்டு ஆடி 0.237 அடித்ததால் வாழ்நாள் சராசரி 0.298 ஆகிவிட்டது. அதே கடைசி ஆண்டு அவருடைய ஹோம் ரன் கணக்கை 536-க்கு உயர்த்தியது. எண்ணிக்கை ஏறும், இறங்காது, சராசரி இறங்கும். அணிக்கு உழைத்த ஓர் ஆண்டு ஒருவரின் மதிப்பைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே வாக்குச்சீட்டு என் கையில் இருந்தால், இரண்டு கல்லில் மூவாயிரத்துக்கே கூடுதல் எடை கொடுப்பேன். காலம், மைதானம், ஊக்கமருந்து ஆகிய மூன்றும் ஐந்நூறை நகர்த்திய அளவுக்கு அதை நகர்த்தவில்லை. அது குறுக்கு வழியை அனுமதிக்கவில்லை. இன்றைய ஆட்டம் அதை முன்னைவிட அரிதாக்கியிருக்கிறது. மூவாயிரத்தைக் கடந்தவரைத் தகுதியற்றவர் என்று காட்ட வேண்டிய பொறுப்பு மறுப்பவருக்கே உரியது. பிஜியோ மூன்றாம் முயற்சிவரை, 2015 வரை, காக்க வைக்கப்பட்டது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஐந்நூறைக் கடந்தவரை அவர் ஆடிய பத்தாண்டோடு சேர்த்துப் படிப்பேன். மர்ரி எந்த ஆண்டிலும் 33-க்கு மேல் அடித்ததில்லை, 21 சீசனில் 504 சேர்த்தார். அந்த ஐந்நூறு, 1998-ஐ ஒட்டிய ஐந்நூறுகளைவிட எனக்குப் பெரிது. ஏரன் ஒருமுறைகூட ஐம்பது அடித்ததில்லை, 47-தான் உச்சம். அவருடைய 755 ஹோம் ரன்னையும் கழித்துவிட்டால் எஞ்சுவது 3,016 ஹிட்.

கல்லுக்கு முன்னால் விழுந்தவர்களைப் பொறுத்தவரை, எவ்வளவு குறைந்தது என்பதற்கு முன் எதனால் குறைந்தது என்று கேட்பேன். வாக் குறைத்த ஹிட்டையும், போர் குறைத்த சீசனையும், நோயும் வேலைநிறுத்தமும் குறைத்த ஆட்டங்களையும் திரும்பக் கூட்டிப் பார்ப்பேன். எழுத்தாளர்கள் பத்து ஆண்டு தயங்கி விட்டுவிட்ட மக்ரிஃபை, 2022 டிசம்பரில் வேறொரு குழுவின் 16 உறுப்பினர்களும் ஒருமனதாக உள்ளே அனுப்பினார்கள். இடையில் நின்ற ஏழு ஹோம் ரன்னை அவர்கள் 48 ஆட்டங்களோடு சேர்த்துப் படித்தார்கள் என்றே கொள்கிறேன்.